கடைக்காரர் காலும் காலை ஓட்டமும்

"சுவர் இருந்தால்தான் சித்திரம்" என்பார்கள். நம் தொழிலுக்குச் சுவர், நம் இரண்டு கால்கள்தான். காலையில் ஷட்டரைத் தூக்குவதிலிருந்து இரவு கல்லாவை எண்ணிப் பூட்டும் வரை மளிகைக் கடைக்காரர் உட்காரும் நேரம் மிகக் குறைவு. விடியுமுன் கோயம்பேட்டுக்குக் கொள்முதலுக்குப் போகிறவர்களுக்கு அதுவும் இல்லை.

இப்போது இந்தக் கால்களுக்கு இன்னொரு வேலையும் சேர்ந்திருக்கிறது. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, கூடிவரும் எடை ஆகியவற்றுக்கு அஞ்சி நம் வணிகர்கள் பலர் விடியற்காலையில் நடக்கவும் ஓடவும் தொடங்கிவிட்டார்கள். மெரினா, பெசன்ட் நகர் கடற்கரை, மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்கா, தி.நகர் நடேசன் பூங்கா என்று எங்கே பார்த்தாலும் ஷூ போட்ட கூட்டம். ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானில் பெயர் கொடுக்கும் கடைக்காரர்களும் உண்டு. முழு மாரத்தான் 42.195 கிலோ மீட்டர். அரை மாரத்தான் 21.1 கிலோ மீட்டர்.

இது வரவேற்க வேண்டிய மாற்றம். ஆனால் ஒரு செய்தியை நினைவில் வைக்க வேண்டும். அலுவலகத்தில் வேலை செய்கிறவர் ஓடி முடித்தபின் நாற்காலியில் உட்கார்ந்து காலுக்கு ஓய்வு கொடுக்கிறார். கடைக்காரரோ ஓடி முடித்த அதே காலோடு பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறார். ஆகவே ஓட்டக்காரர்களுக்கென்று எழுதப்படும் பொதுவான யோசனைகள் நமக்கு அப்படியே பொருந்தா. நம் காலுக்கு வேண்டிய கணக்கை நாம்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

ஒரு பாதம் சுமக்கும் சுமை

ஒரு பாதத்தில் 26 எலும்புகளும் 33 மூட்டுகளும் உள்ளன. குதிகாலிலிருந்து விரல்களின் அடிவரை உறுதியான ஒரு பட்டை நார் ஓடுகிறது. வில்லுக்கு நாண் எப்படியோ, உள்ளங்காலின் வளைவுக்கு இந்த நார் அப்படி. பின்புறம் ஆடுசதையைக் குதிகாலோடு இணைப்பது குதிநாண். உடலிலேயே தடித்த, வலுவான நாண் இதுதான்.

ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல இரண்டிலிருந்து மூன்று மடங்கு சுமை காலில் இறங்குகிறது. 70 கிலோ எடையுள்ள ஒருவர் 5 கிலோ மீட்டர் மெதுவாக ஓடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய 6,000 அடிகள். அதாவது காலுக்கு 3,000. குறைந்த கணக்காக அடிக்கு 140 கிலோ என்று போட்டாலும் ஒரு காலுக்கு 420 டன் வருகிறது. பத்து டன் லாரியில் ஏற்றினால் 42 லாரிச் சரக்கு. இத்தனையையும் அரை மணி, முக்கால் மணி நேரத்தில் ஒரு பாதம் வாங்கி இறக்குகிறது.

இதைக் கேட்டு யாரும் மிரள வேண்டாம். பாதம் இதற்காகவே படைக்கப்பட்டது. எலும்பும் நாரும் சுமையால் சிறிது தேய்கின்றன. பின்னர் ஓய்வு நேரத்தில் தங்களைத் தாங்களே பழுதுபார்த்து முன்னைவிட வலுவாகின்றன. பழுதுபார்க்க நேரம் கொடுக்காமல் மறுபடி மறுபடி சுமை ஏற்றினால்தான் தொல்லை. எடுத்த சரக்குக்கு ஈடாகக் கொள்முதல் செய்யாவிட்டால் கடை எத்தனை நாள் ஓடும்?

வேலூரில் கிடைத்த பாடம்

இந்த உண்மையை உலகுக்குத் தெளிவாக எடுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர், நம் தமிழ்நாட்டில் பணியாற்றிய ஒரு டாக்டர். அவர் பெயர் பால் பிராண்ட். 1914-ல் கொல்லிமலையில் பிறந்தவர். லண்டனில் அறுவை மருத்துவம் படித்து 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார்.

தொழுநோயாளிகளின் விரல்களும் பாதங்களும் நோயினாலேயே அழுகி விழுகின்றன என்று அக்காலத்தில் எல்லோரும் நம்பினார்கள். அவர் கூர்ந்து பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. நோய், நரம்பைத் தாக்கி வலி உணர்வைப் போக்கிவிடுகிறது. வலி தெரியாததால் அந்த மனிதர் காயத்தோடேயே நடக்கிறார். காலில் ஆணி ஏறினாலும் தெரிவதில்லை, செருப்பு கடித்தாலும் தெரிவதில்லை. பாதத்தைக் கெடுப்பது இதுதான். வலி என்பது பகையன்று, காவல்காரன் என்று அவர் வாழ்நாள் முழுதும் சொல்லிவந்தார். அந்த நோயாளிகளுக்காக மெத்தென்ற ரப்பரில் காலணி செய்யும் பணியை வேலூரில் அவரும் உடன் பணியாற்றியவர்களும் முன்னெடுத்தார்கள். இன்று சர்க்கரை நோயாளிகளுக்கு டாக்டர்கள் எழுதிக் கொடுக்கும் 'எம்.சி.ஆர். செருப்பு' அந்த மைக்ரோ செல்லுலர் ரப்பரால் ஆனதுதான்.

1966-ல் அவர் அமெரிக்காவின் கார்வில் என்ற ஊரிலுள்ள தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். அங்கே நடந்த ஒரு சோதனை ஓட்டக்காரர்கள் அனைவரும் அறிய வேண்டியது. எலியின் பாதத்தில், காயப்படுத்தாத அளவுக்கு ஓர் அழுத்தத்தை இயந்திரத்தின் மூலம் நாள்தோறும் ஆயிரக்கணக்கான முறை கொடுத்தார்கள். ஒரு முறை, நூறு முறை என்றால் ஒன்றும் ஆகாத அழுத்தம் அது. ஆனால் ஓய்வில்லாமல் நாள் தவறாமல் கொடுத்தபோது முதலில் பாதம் சூடேறி வீங்கியது. சில நாட்களில் புண்ணே வந்துவிட்டது. பின்னர் அழுத்தும் எண்ணிக்கையைக் குறைத்து, வாரத்தில் ஓய்வு நாளும் விட்டுப் பார்த்தார்கள். இம்முறை புண் வரவில்லை. பாதத்தின் தோல் தடித்து வலுப்பெற்றது.

பாதத்தைக் கெடுப்பது ஒரு பெரிய அடிதான் என்றில்லை. ஓய்வில்லாமல் திரும்பத் திரும்ப விழும் சிறு அடியும் கெடுக்கும். அதே சிறு அடி இடையில் ஓய்வு கிடைத்தால் பாதத்தை வளர்க்கவும் செய்யும். ஓட்டக்காரர்களுக்கு வரும் கால் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்தக் கணக்கில் வருபவை.

வழக்கமாக வரும் கோளாறுகள்

குதிகால் வலி: காலையில் படுக்கையை விட்டு எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலின் அடியில் ஊசி குத்துவது போல் வலிக்கும். பத்து அடி நடந்தால் குறையும். கடையில் நெடுநேரம் நின்றால் மாலையில் மீண்டும் வரும். உள்ளங்கால் பட்டை நார், குதி எலும்போடு சேரும் இடத்தில் நைந்துபோவதே காரணம். டாக்டர்கள் இதைப் பிளாண்டர் ஃபேஷைடிஸ் என்கிறார்கள். எக்ஸ்ரேயில் 'எலும்பு வளர்ந்திருக்கிறது' என்று தெரிந்தால் பலர் பயந்துவிடுகிறார்கள். வலியே இல்லாத பலருக்கும் அந்த வளர்ச்சி உண்டு. அறுவை சிகிச்சை இல்லாமலேயே பெரும்பாலோருக்கு ஓர் ஆண்டுக்குள் குணமாகிவிடும். ஓட்டத்தைக் குறைக்க வேண்டும். சுவரில் கைகளை ஊன்றி, குதிகால் தரையில் பதிய, ஆடுசதையை நீட்டும் பயிற்சியை நாள்தோறும் செய்ய வேண்டும். பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீரை உறைய வைத்து உள்ளங்காலின் கீழ் உருட்டுவது இதம் தரும். வீட்டிலும் கடையிலும் வெறும் தரையில் நிற்காமல் மெத்தென்ற செருப்பு அணிய வேண்டும்.

குதிநாண் வலி: குதிகாலுக்கு மேலே பின்புறத்தில் வலியும் காலையில் விறைப்பும் இருக்கும். திடீரென்று வேகத்தைக் கூட்டியவர்களுக்கும், மணலிலும் மேட்டிலும் ஓடியவர்களுக்கும் வரும். இதற்கு முழு ஓய்வைவிட, படியின் விளிம்பில் முன்காலை ஊன்றிக் குதிகாலை மெதுவாகக் கீழே இறக்கும் பயிற்சி நல்ல பலன் தருகிறது. இந்த இடத்தில் 'பட்' என்று சத்தம் கேட்டு, யாரோ பின்னாலிருந்து உதைத்தது போல் இருந்தால் நாண் அறுந்திருக்கலாம். அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

எலும்பில் நுண்முறிவு: இது ஏமாற்றும் கோளாறு. விழவும் இல்லை, இடிக்கவும் இல்லை. ஆனாலும் புறங்காலில் ஒரே இடத்தில், விரலால் தொட்டுக் காட்டும்படி வலிக்கும். ஓட ஓடக் கூடும். விரல்களுக்குப் பின்னால் உள்ள நீண்ட எலும்புகளிலும் முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பிலும் அதிகம் வரும். முதல் இரண்டு மூன்று வாரங்கள் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம். "எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை" என்று ஓடத் தொடங்கினால் கீறல் முழு முறிவாகும். பொதுவாக ஆறு முதல் எட்டு வாரம் ஓட்டத்தை நிறுத்த வேண்டியிருக்கும்.

சுளுக்கு: உடைந்த நடைபாதையில் கால் புரளும்போது வருவது. அடிபட்டவுடன் நான்கு அடிகூட ஊன்றி நடக்க முடியாவிட்டாலும், கணுக்கால் எலும்பைத் தொட்டால் உயிர் போகும் வலி என்றாலும் எக்ஸ்ரே அவசியம். வீக்கத்தோடு இருக்கும் காலை அன்றைக்கே இழுத்துச் சுளுக்கு எடுப்பது நல்லதல்ல.

கொப்புளமும் கறுத்த நகமும்: சென்னையின் புழுக்கத்தில் பருத்திக் காலுறை வியர்வையில் ஊறித் தோலை உரசும். ஈரத்தை இழுத்து வெளியேற்றும் செயற்கை நூல் காலுறை நல்லது. உரசும் இடத்தில் கொஞ்சம் வாசலின் தடவலாம். கொப்புளத்தின் தோலை உரிக்கக் கூடாது. அதுவே இயற்கை கட்டிய கட்டு. பெருவிரல் நகம் கறுப்பது ஷூவில் முன்பக்கம் இடமில்லாததால். நகத்தை நேராக வெட்டுங்கள். ஓரங்களை உட்குழித்து வெட்டினால் நகம் சதைக்குள் வளரும்.

சேற்றுப்புண்ணும் பித்தவெடிப்பும்: விரலிடுக்கில் வெளுத்து, அரித்து, தோல் உரிவது பூஞ்சையால். கழுவியபின் விரலிடுக்கைத் துணியால் ஒற்றி உலர்த்துவதே பாதி மருந்து. பூஞ்சைக் களிம்பை அரிப்பு நின்றபின்னும் டாக்டர் சொன்ன நாள்வரை தடவ வேண்டும். மருந்துக் கடையில் வாய்க்கு வந்த பெயரைச் சொல்லி ஸ்டீராய்டு கலந்த களிம்பை வாங்கித் தடவாதீர்கள். அரிப்பு உடனே அடங்கும், பூஞ்சை பரவும். பித்தவெடிப்புக்கு இரவில் கால் கழுவித் துடைத்ததும் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவினால் போதும். ஆழமாக வெடித்து ரத்தம் கசிந்தால் அலட்சியம் கூடாது.

மழைக்காலத்துக்கு ஒரு குறிப்பு. ஐப்பசி, கார்த்திகையில் தெருவில் தேங்கும் நீரில் எலிச் சிறுநீர் கலந்திருக்கும். காலில் சிறு வெடிப்பு இருந்தாலும் அதன் வழியே எலிக்காய்ச்சல் புகக்கூடும். அந்த நீரில் நடந்தால் வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். நனைந்த ஷூவை வெயிலிலோ அடுப்பருகிலோ வைக்காமல், உள்ளே பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து நிழலில் உலர்த்துங்கள். செய்தித்தாளுக்கு நம் கடைகளில் பஞ்சமில்லை.

ஷூவா, வெறுங்காலா?

"நம் பாட்டன்மார் வெறுங்காலோடு நடக்கவில்லையா?" என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். தைப்பூசத்துக்குப் பழநிக்கு நடந்து செல்லும் நகரத்தார் பாதயாத்திரை இன்றும் தொடர்கிறது. எத்தியோப்பிய வீரர் அபெபே பிகிலா 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானில் வெறுங்காலோடு ஓடித் தங்கம் வென்றார். நம் நாட்டின் சிவ்நாத் சிங் வெறுங்கால் ஓட்டத்துக்குப் பேர்போனவர். 1978-ல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் மாரத்தான் ஓடி அவர் படைத்த தேசிய சாதனை 40 ஆண்டுகளுக்கு மேல் நின்றது.

ஆனால் இவர்கள் சிறு வயதிலிருந்தே அப்படி நடந்து, ஓடிப் பழகியவர்கள். அதே பிகிலா 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஷூ அணிந்து ஓடினார், அப்போதும் தங்கம் வென்றார். 2010-ல் ஹார்வர்டு பேராசிரியர் டேனியல் லீபர்மன் குழுவினர், வெறுங்காலில் ஓடிப் பழகியவர்கள் முன்பாதத்தை முதலில் பதித்து அதிர்ச்சியைக் குறைத்துக்கொள்கிறார்கள் என்று எழுதினர். உடனே விரல் விரலாக இருக்கும் மெல்லிய ஷூக்கள் சந்தையைப் பிடித்தன. பழக்கமில்லாதவர்கள் பத்து வாரத்தில் அவற்றுக்கு மாறியபோது பலருக்குப் பாத எலும்பில் நீர்கோத்திருந்ததை 2013-ல் வெளியான ஓர் ஆய்வு ஸ்கேன் மூலம் காட்டியது. அந்த ஷூவைத் தயாரித்த விப்ரம் நிறுவனம், விளம்பரத்தில் சொன்ன பலன்கள் தொடர்பான வழக்கில், குற்றத்தை ஏற்காமல் 2014-ல் 37.5 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. விளம்பரத்தில் வரும் ஒவ்வொரு வாசகத்துக்கும் ஆதாரம் வேண்டும் என்பதற்கு வணிகர்களாகிய நமக்கும் இது ஒரு பாடம்.

ஆகவே நாற்பது வயதுக்கு மேல் ஓடத் தொடங்குகிறவருக்கு ஷூதான் பாதுகாப்பு. விலை உயர்ந்த ஷூ காலைக் காக்கும் என்பதற்கு உறுதியில்லை. போட்டுப் பார்க்கும்போதே இதமாக இருப்பதுதான் நல்ல ஷூ. ஷூ வாங்க மாலையில் செல்லுங்கள். நாள் முழுதும் நின்ற கால் அப்போது சற்றுப் பருத்திருக்கும், ஓடும்போதும் பாதம் அப்படித்தான் பருக்கும். நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். ஓடும்போது அணியும் காலுறையோடு போட்டுப் பாருங்கள். பொதுவாக 500 முதல் 800 கிலோ மீட்டரில் ஷூவின் மெத்தை செத்துவிடும். வாங்கிய தேதியை உட்புறம் எழுதி வைத்தால் கணக்குத் தவறாது. ஓடும் ஷூவைக் கடையில் போட்டு நிற்காதீர்கள். கடைக்கு வேறு காலணி வேண்டும்.

எங்கே ஓடுவது?

மெரினாவில் மணலைவிட உட்சாலையே தொடக்கக்காரருக்கு ஏற்றது. மணலில் குதிகால் புதையும், குதிநாண் இழுபடும். அலையோர ஈரமணல் இறுகலாக இருந்தாலும் கடலை நோக்கிச் சரிந்திருக்கும். ஒரு கால் எப்போதும் பள்ளத்தில் இருக்கும். போன வழியே திரும்பி வந்தால் இந்தக் குறை கொஞ்சம் சமனாகும். சாலையின் ஓரமும் மழைநீர் வடிவதற்காகச் சரிந்தே இருக்கும்.

நாகேஸ்வரராவ் பூங்கா, நடேசன் பூங்கா போன்ற இடங்களில் சுற்று சிறியது. ஒரே திசையில் திரும்பத் திரும்ப வளைந்தால் ஒரு காலுக்கு மட்டும் சுமை கூடும். பாதித் தூரம் ஆனதும் திசையை மாற்றிக்கொள்ளலாம், எதிரே வருகிறவர்களுக்கு வழிவிட்டு. அமிர்தாஞ்சன் நிறுவனத்தைத் தொடங்கிய காசிநாதுனி நாகேஸ்வரராவ் பந்துலுவின் பெயரைத் தாங்கியது மயிலாப்பூர் பூங்கா. வலித் தைலத்தால் பெயர் பெற்ற ஒரு வணிகரின் பூங்காவில் ஓடும்போது இதையும் நினைக்கலாம்: எந்தத் தைலமும் வலியைத் தணிக்கும், வலிக்குக் காரணமான சுமையைக் குறைக்காது. தைலம் தடவி, வலியை மறைத்துக்கொண்டு ஓடுவது காவல்காரனைத் தூங்க வைத்துவிட்டுக் கடையைத் திறந்து போடுவதற்குச் சமம்.

தி.நகர் பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் திறக்கப்பட்ட அகன்ற நடைபாதையும் கடைகள் திறக்குமுன் நடக்க உகந்தது. தமிழக அரசு 2023 நவம்பர் 4-ல் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டத்துக்கு ஒன்றாக 8 கிலோ மீட்டர் நடைப் பாதைகள் குறிக்கப்பட்டன. சென்னைக்கான பாதை அடையாறு, பெசன்ட் நகர்ப் பகுதியில் அமைந்தது.

எவ்வளவு ஓடுவது?

நம்மவர்கள் காயப்படும் இடம் இதுதான். வாரம் முழுதும் கடை. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் கொஞ்சம் நேரம் கிடைத்தால் விட்டதையெல்லாம் சேர்த்து ஓடிவிடலாம் என்று தோன்றும். 5,200-க்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களைப் பதினெட்டு மாதம் கவனித்த ஓர் ஆய்வு 2025-ல் வெளியானது. முந்தைய 30 நாளில் ஒரே தடவையில் ஓடிய மிக நீண்ட தூரத்தைவிட 10 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக ஒரு நாள் ஓடினாலே காயம் அதிகரித்தது. அந்தத் தூரத்தைப் போல இரு மடங்குக்கு மேல் ஓடியவர்களுக்கு ஆபத்தும் இரு மடங்கைத் தாண்டியது. வாரக் கூட்டுத்தொகையைவிட அந்த ஒரு நாள் பாய்ச்சல்தான் காலைக் கெடுக்கிறது என்பது இதன் சாரம்.

ஆகவே சென்ற மாதம் நீங்கள் ஓடிய நீண்ட தூரம் 5 கிலோ மீட்டர் என்றால், இந்த ஞாயிறு ஐந்தரையோடு நிறுத்துங்கள். நண்பர் பத்து ஓடுகிறார் என்பது அவர் கணக்கு. புதிதாகத் தொடங்குகிறவர் முதல் சில வாரங்கள் நடந்து, பிறகு இரண்டு நிமிட ஓட்டம், இரண்டு நிமிட நடை என்று மாற்றி மாற்றிச் செல்லலாம். வாரத்துக்கு மூன்று, நான்கு நாள் ஓட்டம் போதும். ஓடாத நாளும் பயிற்சியின் ஒரு பகுதியே. தீபாவளி, பொங்கல் வியாபார நாட்களில் கால் ஏற்கெனவே இரட்டை வேலை செய்கிறது. அந்த வாரங்களில் ஓட்டத்தைப் பாதியாக்குங்கள். விழா முடிந்ததும் விட்ட இடத்திலிருந்தே தொடராமல் சற்றுக் குறைத்துத் தொடங்குங்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் கவனத்துக்கு

இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாக, சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையில் நடந்து 2023-ல் வெளியான தேசிய ஆய்வு கூறியது. நடையும் ஓட்டமும் இந்நோய்க்கு நல்ல மருந்து. ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல இந்நோய் பாத நரம்புகளை மரத்துப்போகச் செய்யும். அப்போது பால் பிராண்ட் வேலூரில் கண்ட அதே நிலைதான். காவல்காரன் போய்விடுகிறான். ஷூவுக்குள் கிடக்கும் ஒரு சிறு கல் 3,000 அடிகளில் புண்ணாக்கிவிடும், ஆனால் தெரியாது. தெரிந்து டாக்டரிடம் போகும்போது விரலையோ காலையோ எடுக்க வேண்டிய நிலை வந்துவிடுகிறது. நின்று பிழைக்கும் வணிகர் காலை இழந்தால் குடும்பத்துக்கு என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

எனவே சர்க்கரை உள்ளவர்கள் ஓடத் தொடங்குமுன் பாதப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். பத்து கிராம் அழுத்தம் தரும் மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலின் சில இடங்களைத் தொட்டு, உணர்ச்சி இருக்கிறதா என்று டாக்டர் பார்ப்பார். சில நிமிட வேலை, வலியும் கிடையாது. ஆண்டுக்கு ஒரு முறையாவது இது தேவை. உணர்ச்சி குறைந்திருந்தால் ஓட்டத்துக்குப் பதில் சைக்கிள், நீச்சல் போன்றவற்றை டாக்டர் சொல்லக்கூடும். அதைக் கேட்க வேண்டும்.

இவர்கள் வெறுங்காலோடு எங்கும் நடக்கக் கூடாது. கபாலீசுவரர் கோயில் பிராகாரத்துக் கருங்கல் நண்பகலில் எப்படிக் கொதிக்கும் என்று மயிலாப்பூர்க்காரர்களுக்குத் தெரியும். உணர்ச்சியற்ற காலுக்கு அது தெரியாது, வெந்து கொப்புளித்த பிறகுதான் தெரியும். தரிசனத்தை வெயிலேறுமுன் முடித்துக்கொள்ளலாம். கால் ஆணிக்குப் பிளேடு போடுவதும், ஆசிட் உள்ள பட்டையை ஒட்டுவதும் அறவே வேண்டாம்.

நோய் இருக்கிறதே என்று சோர்ந்துவிடவும் வேண்டாம். 2006 முதல் 2011 வரை சென்னை மேயராகவும், 2021-ல் மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சராகவும் பொறுப்பேற்ற மா. சுப்பிரமணியன், சாலை விபத்தில் முழங்கால் பாதிக்கப்பட்டவர். சர்க்கரை நோயும் உள்ளவர். அதற்குப் பிறகே ஓடப் பழகி நூறு அரை மாரத்தான்களைத் தாண்டினார். படிப்படியான பயிற்சி இருந்தால் எதுவும் கைகூடும்.

கடைக்குள் செய்ய வேண்டியவை

ஓட்டத்துக்கு எவ்வளவு கவனமோ அவ்வளவு கவனம், ஓடி வந்தபின் நிற்கும் நேரத்துக்கும் வேண்டும். கல்லாவருகே ஓர் உயரமான ஸ்டூல் போட்டு, கூட்டமில்லாத நேரத்தில் உட்காருங்கள். நிற்கும் இடத்தில் தடித்த ரப்பர் விரிப்புப் போடுங்கள். ஒரு சிறு பலகையில் ஒரு காலை மாற்றி மாற்றி வைத்து நின்றால் இடுப்புக்கும் பாதத்துக்கும் இதம். மணிக்கு ஒருமுறை குதிகாலை இருபது தடவை உயர்த்தி இறக்கினால் காலில் தேங்கும் ரத்தம் மேலேறும். ஓடிய நாளில் மூட்டை தூக்குவதை மாலைக்குத் தள்ளுங்கள்.

நமக்கு வேண்டிய இந்த ஓய்வு, நம்மிடம் வேலை செய்கிறவர்களுக்கும் வேண்டும். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ல் இயற்றப்பட்டது. 2021-ல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, ஒவ்வொரு கடையிலும் எல்லா ஊழியர்களுக்கும் உட்கார வசதி செய்து தர வேண்டும். வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் அவர்கள் உட்காரலாம். கேரளத்துக்கு அடுத்து இப்படிச் சட்டம் செய்தது நம் மாநிலம். இது சட்டத்துக்கு அஞ்சிச் செய்ய வேண்டியதல்ல. கால் வலியோடு நிற்கும் பையன் வாடிக்கையாளரிடம் சிரித்துப் பேசுவது எப்படி? ஒரு ஸ்டூலின் விலை ஒரு நாள் வியாபாரத்தில் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

தினமும் ஐந்து நிமிடம்

இரவு கடையை அடைத்து வீட்டுக்கு வந்ததும், கல்லாக் கணக்கைப் பார்ப்பது போலப் பாதக் கணக்கையும் பாருங்கள்.

1. கால்களைக் கழுவி, விரலிடுக்கு வரை உலர்த்துங்கள்.

2. உள்ளங்காலை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். தெரியாவிட்டால் கண்ணாடியை அடியில் வையுங்கள், அல்லது வீட்டிலுள்ளவர்களைப் பார்க்கச் சொல்லுங்கள். சிவப்பு, வெடிப்பு, கொப்புளம் உண்டா?

3. புறங்கையால் இரண்டு பாதங்களையும் தொட்டுப் பாருங்கள். ஓர் இடம் மட்டும் சூடாக இருந்தால் அங்கே ஏதோ கோளாறு தொடங்குகிறது.

4. ஷூவை அணியுமுன் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கைவிட்டுப் பாருங்கள்.

5. ஓடிய தூரத்தையும் வலித்த இடத்தையும் ஒரு நோட்டில் ஒரு வரி எழுதுங்கள்.

ஓடும்போது நடையை மாற்ற வைக்கும் வலி, மறுநாள் காலையிலும் இருக்கும் வலி, ஒரே புள்ளியில் நிற்கும் வலி ஆகிய மூன்றில் எது வந்தாலும் அன்றைய ஓட்டத்தை நிறுத்துங்கள். ஒரு வாரத்தில் தணியாவிட்டால் எலும்பு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ பாருங்கள். சர்க்கரை உள்ளவர்கள் காலில் புண் கண்டால் ஒரு வாரமும் காத்திருக்கக் கூடாது, மறுநாளே செல்ல வேண்டும்.

கடனைச் சிறிதாக இருக்கும்போதே அடைப்பவர் நொடிப்பதில்லை. கால் வலியும் அப்படித்தான். இரண்டு நாள் ஓய்வில் தீர வேண்டியதை இரண்டு மாதம் கடையை அடைக்கும் அளவுக்கு வளர்க்க வேண்டாம். நம் வணிகர்கள் நலமாக ஓடட்டும், நலமாக நிற்கட்டும்.